கேப்டனின் மீசை

மச்சான் அவரோடு பேசுவதில்லை. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், ஒரே சோபாவில் உட்கார்ந்து மேட்ச் பார்ப்பார்கள், ஒரே நேரத்தில் "அய்யய்யோ" என்று தலையில் கை வைப்பார்கள். ஆனால் தங்கை கணவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மச்சான் தங்கையின் பக்கம் திரும்பித்தான் சொல்வார். "இன்னொரு டீ வேணுமான்னு கேளு." கேட்கப்பட வேண்டிய மனிதர் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். "போதும்னு சொல்லு," என்பார் அவரும். நடுவில் இருக்கும் அந்த அம்மாள் கல்யாணமான நாள் முதல் சம்பளமில்லாத தபால்காரி.

எல்லாம் பொம்மையால் வந்த வினை.

தங்கை கணவர் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் ஈறு வைத்து, பல் பதித்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவார். அது வயிற்றுப்பாட்டுக்கு. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்தால் அது வேறு உலகம். மூக்கு தேய்ந்த போலீஸ், ஒற்றைக் காலில் நிற்கும் காட்டுவாசி, கை கழன்ற முக்குளிப்பு வீரர் என்று சாண் உயரப் பழைய வீரர் பொம்மைகள் வரிசையில் காத்திருக்கும். பழைய பொருள் சந்தையில் பொறுக்கியவை பாதி, தெரிந்தவர்கள் கொண்டுவந்து தலையில் கட்டியவை பாதி. எல்லோருக்கும் வைத்தியம் உண்டு.

கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில், மாப்பிள்ளை எப்படிப்பட்ட ஆள் என்று நோட்டம் விட மச்சான் முன்னறிவிப்பில்லாமல் வந்து நின்றார். டயர்க்கடைக்காரர். ஆளும் லாரி டயர் மாதிரிதான் இருப்பார். அந்த நேரம் பார்த்து இவர் ஒரு மல்யுத்த வீரனின் ஜட்டிக்குச் சிவப்புக் கரை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து "வாங்க" என்று சொல்லக்கூட முடியவில்லை, கரை கோணிவிடும்.

"பொம்மைக்கு ஜட்டி வரையிற ஆளுக்கா உன்னக் குடுக்கிறது?" என்று மச்சான் வீட்டில் போய்க் குதித்தார்.

"அவ்ளோ பொறுமையா ஜட்டி வரையிற மனுஷன் என்கிட்ட ஒரு நாளாவது எரிஞ்சு விழுவாரா, யோசிச்சுப் பாரு," என்றாள் தங்கை. கல்யாணம் நடந்தது. மச்சான் முன்னால் நின்று எல்லா வேலையும் பார்த்தார், வாயை மட்டும் திறக்கவில்லை. அந்த வீம்பு அப்படியே பழகிப்போய்விட்டது. கோபம் எப்போதோ போய்விட்டது, பழக்கம்தான் போகவில்லை.

இவருக்கும் ஒரு ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொன்னதில்லை. மச்சான் ஒரே ஒரு தடவை தன் முகத்தைப் பார்த்து "மாப்பிள்ளை" என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். மனைவிக்கு இது தெரியும். கூடக் குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா என்ன?

மச்சானுக்கு அறுபதாவது பிறந்தநாள் நெருங்கிய சமயத்தில் மனைவிக்கு ஒரு புதையல் கிடைத்தது. அவள் தையல்காரி. அம்மாவின் பழைய தையல் மிஷினைப் பழுதுபார்க்கக் கழற்றியபோது, இழுப்பறைக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு விண்வெளிக் கேப்டன் வெளியே வந்தார்.

"அண்ணனோட பொம்மை! இதக் காணோம்னு வீட்டையே ரெண்டாக்கினானாம், அம்மா சொல்லியிருக்காங்க. நீங்க இத புதுசாக்கிக் குடுங்க. பொறந்தநாளுக்குக் குடுப்போம். பேசாம எங்க போயிடுறான்னு பாக்கிறேன்."

இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கேப்டனை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெள்ளை உடை பழுத்துப் பழுப்பாகியிருந்தது. முட்டிகள் இரண்டும் தளர்ந்து, நிறுத்தினால் குப்புற விழுந்தார். இடது கண் சுத்தமாகத் தேய்ந்திருந்தது. இடுப்புப் பட்டையின் பொத்தான்களில் ஒன்றுக்குத்தான் நிறம் மிச்சம். மூக்குக்குக் கீழே மட்டும் சிவப்பாக, தடிமனாக ஒரு இழுப்பு. ஒரு முனை உதட்டில் வழிந்திருந்தது, இன்னொரு முனை காதுவரை போயிருந்தது.

"நெயில் பாலிஷ்," என்றார் நகத்தால் சுரண்டிப் பார்த்து. "யார் வேல இது?"

"அண்ணன்தான் கிறுக்கியிருப்பான். சின்ன வயசுல அவன் சும்மா இருந்ததா சரித்திரமே இல்ல."

இவருக்கு ஒரு கொள்கை உண்டு. தொழிற்சாலையில் டப்பாவுக்குள் போன அன்று பொம்மை எப்படி இருந்ததோ, அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒரு புள்ளி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்தக் கேப்டனுக்கு மீசை கிடையாது. இதே வரிசையில் வந்த வில்லனுக்குத்தான் மீசை. இந்த விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

வழக்கம்போல முதலில் போனில் ஒரு போட்டோ எடுத்துவைத்தார். பிறகு மீசையைத்தான் முதலில் எடுத்தார். நெயில் பாலிஷ் நீக்குகிற திரவத்தை ஊற்றினால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கரைந்துவிடும். அதனால் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, ஒற்றி, ஊறவிட்டு, பல்குத்தும் குச்சியால் துளித்துளியாகக் கிளப்பினார். கடைசிப் பொட்டும் போனபோது அப்படியொரு திருப்தி அவருக்கு.

உடையை வெளுப்பு மருந்தில் நனைத்து ஜன்னல் வெயிலில் காயவைக்க, வெள்ளை திரும்பி வந்தது. முட்டிகளைக் கழற்றி, மூட்டுக் குழிக்குள் நிறமில்லாத நெயில் பாலிஷை ஒரு பூச்சுப் பூசி உலரவிட்டு மாட்டினார். முட்டி கச்சென்று பிடித்துக்கொண்டது.

கண் போடும் நாளன்று வீட்டில் ஊரடங்குதான். தையல் மிஷின் ஓடக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது. முன்பொரு தடவை குக்கர் விசில் அடித்ததில் ஒரு தீயணைப்பு வீரருக்குப் புருவம் உச்சந்தலை வரை போய்விட்டது. பல்லானாலும் கண்ணானாலும் சுத்த வெள்ளை என்று ஒன்று கிடையாது, பல்செட்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளையில் ஊசிமுனையளவு பழுப்பைக் கலந்தார். கருவிழி மேலிமையைத் தொட்டபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் மாமியாரைக் கண்டவன் மாதிரி முழிப்பான். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூரிகையை வைத்தார். கேப்டன் அவரைப் பார்த்தார்.

"ஏங்க, உசிரு வந்துடுச்சுங்க," என்றாள் மனைவி. அவர் செய்ததிலேயே நல்ல முகம் அதுதான். அவருக்கே தெரிந்தது.

மச்சானின் வீடு டயர்க்கடைக்கு மேலே. படியேறும்போதே ரப்பர் வாசனை கூடவே ஏறிவரும். கேக் வெட்டி முடிந்ததும் மனைவி பெட்டியை நீட்டினாள். மச்சான் பிரித்தார். கேப்டனை எடுத்தார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னோடது இல்ல," என்றார்.

"கால் அடியில பாரு அண்ணா. நீ ஆணியால கீறின எழுத்து."

பார்த்தார். எழுத்து இருந்தது. மறுபடி முகத்தைப் பார்த்தார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில், "மீசை எங்கன்னு கேளு," என்றார்.

இவர் கேக் தட்டைக் கீழே வைத்தார். "தொடச்சிட்டேன்னு சொல்லு," என்றார். அந்தச் செய்தியைத் தங்கை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மச்சான் சோபாவில் உட்கார்ந்தார். "அப்பா அப்ப கப்பல்ல இருந்தாரு. வருஷத்துக்கு ஒரு தடவதான் வருவாரு. உனக்கு மூணு வயசு. எந்நேரமும் அப்பா எங்க, அப்பா எங்கன்னு நச்சரிப்ப. ஒரு நாள் ஸ்கூல்லேருந்து வரேன், நீ தரையில குப்புறப் படுத்துக்கிட்டு அம்மாவோட நெயில் பாலிஷ எடுத்து என் கேப்டனுக்கு மீசை வரைஞ்சிட்டிருக்க. ஓங்கி ஒண்ணு குடுக்கத்தான் வந்தேன். தலையத் தூக்கி, 'அண்ணா, அப்பா வந்துட்டாரு'ன்ன."

மச்சான் கேப்டனின் மூக்குக்குக் கீழே விரலால் தடவினார்.

"அப்புறம் எங்க அடிக்கிறது? அன்னையிலேருந்து இவர்தான் வீட்டுல அப்பா. நாம சாப்பிடறப்ப தட்டுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பாரு. நெஜ அப்பா லீவுல வந்து இதப் பாத்துட்டு, 'என் மீசையவிட இவன் மீசை ஜோரா இருக்கே'ன்னு சொல்லிச் சிரிச்சாரு பாரு, தெருவுக்கே கேட்டுச்சு."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே அண்ணா," என்றாள் தங்கை. கண் நிறைந்துவிட்டது.

நமது ஆளோ கூனிக்குறுகிப் போயிருந்தார். தொழிற்சாலை செய்ததையெல்லாம் பொட்டுவிடாமல் கொண்டுவந்தவர், ஒரு குழந்தை செய்ததை வழித்து எறிந்துவிட்டார். இனிமேல் மாப்பிள்ளையாவது மண்ணாவது, "டீ வேணுமான்னு கேளு" கூடக் கிடைக்காது என்று நினைத்தார். சட்டென்று போனை எடுத்து அந்தப் பழைய போட்டோவைத் திறந்து நீட்டினார். மச்சான் வாங்கிப் பார்த்தார். உதட்டோரம் லேசாக அசைந்தது.

அவ்வளவுதான், இவருக்குத் தெம்பு வந்துவிட்டது. வழியில் உரசினால் தொட்டுவிடலாம் என்று பையில் வைத்திருந்த தூரிகையையும் சிவப்பு வர்ணத்தையும் எடுத்தார். போட்டோவைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். மீசை வந்தது, கல்யாணப் போட்டோவுக்கு நிற்கிற மீசை. ஈரத்துணியால் துடைத்தார். வேண்டுமென்றே கையை நடுங்கவிட்டு வரைந்தார். நடுக்கமும் அளவெடுத்த மாதிரி அழகாக விழுந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டே வரைந்தார். வலமும் இடமும் ஒரு மயிரிழை பிசகவில்லை. இத்தனை வருஷம் சொன்ன பேச்சைக் கேட்ட கை, இன்றைக்கென்று கெட்டுப்போக மாட்டேன் என்றது.

"இது எங்கப்பா இல்ல, யாரோ பேங்க் மேனேஜர்," என்று மச்சான் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "விடச் சொல்லு."

"கொண்டாங்க இப்படி," என்றாள் மனைவி. "போட்டவதானே போடணும்? அண்ணி, உங்ககிட்ட சிவப்பு நெயில் பாலிஷ் இருக்கா?"

மச்சானின் மனைவி புட்டியோடு வந்தாள். இவருக்குப் பகீரென்றது. நெயில் பாலிஷ் பட்டால் கீழே இருக்கிற வர்ணம் கரையும். உதடு போகும், கன்னம் போகும். செய்ததிலேயே நல்ல முகம்! வாயைத் திறந்தார். மச்சானைப் பார்த்தார். "தாராளமாப் போடு," என்று இவரே மனைவியிடம் சொன்னார்.

மனைவி அந்த மீசையைத் துடைத்துவிட்டு, மேஜையில் கேப்டனைப் படுக்கவைத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, பக்குவமாக ஆரம்பித்தாள்.

"அங்க இல்ல," என்றார் மச்சான். "தரையில. குப்புறப் படு."

"எனக்கு என்ன வயசு ஆகுது தெரியுமா?"

"மூணு."

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அம்மா, அப்பா" என்று முனகியபடி தரையில் குப்புறப் படுத்தாள். மச்சானும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி உட்கார்ந்து, டயர்க் கறை படிந்த விரல்களால் கேப்டனை நிமிர்த்திப் பிடித்தார். அவள் தூரிகையை முழுக்கையால், கரண்டியைப் பிடிக்கிற மாதிரி பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அது உதட்டில் வழிந்தது. மறுபக்கம் ஒரு இழுப்பு. அது நிற்காமல் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. உதட்டு வர்ணம் கரைந்து கலங்கியது. பக்கத்தில் நின்றவருக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆனந்தமாக இருந்தது.

அவள் தலையைத் தூக்கினாள். "அண்ணா, அப்பா வந்துட்டாரு."

மச்சான் சிரித்தார், அழுதார், எது எது என்று பிரிக்க முடியவில்லை. கேப்டனைத் தரையில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுப் பார்த்தால், கேப்டன் எதிலும் சாயாமல், விறைப்பாக, தானாகவே நின்றுகொண்டிருந்தார்.

"இவரு எப்பவும் செவுத்துல சாய்ச்சாத்தானே நிப்பாரு? எப்படின்னு கே..." என்று தங்கையின் பக்கம் திரும்பியவர் பாதியில் நிறுத்தினார். கழுத்தை மெதுவாகத் திருப்பி நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளை, எப்படி நிக்க வெச்சீங்க?"

இத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. இவரோ பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்து, "முட்டியில பாலிஷ் பூசியிருக்கேன்னு சொல்லு," என்றார்.

"நீங்களே சொல்லுங்க," என்றாள் அவள் தரையில் கிடந்தபடி. "நான் வேலைய விட்டாச்சு. இப்ப எந்திரிக்க முடியல, ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையப் பிடிச்சு மொதல்ல என்னத் தூக்குங்க."

"மச்சான், நீங்க அந்தப் பக்கம் பிடிங்க," என்றார் அவர்.