வரப்பைக் காட்டச் சொன்னார்கள்

துரைக்கண்ணுவுக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நடந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். உட்கார்ந்தால் வலது கை தொடைமேல் தானாக ஆடும். பூதலூர்ப் பக்கம் ஏழு மா நிலத்தை இருபத்திரண்டு வருஷமாகக் குத்தகைக்கு உழுது வந்தவர். உழுகிறவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று சட்டம் வந்ததும் மனுப் போட்டார். நிலக்காரரோ, "அவன் கூலிக்கு வந்தவன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

தாசில்தார் விசாரணைக்கு வயலுக்கே வந்தார். "உங்க வரப்பு எது? காட்டுங்க" என்றார்.

துரைக்கண்ணுவின் கண்ணுக்கு வரப்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. கையை நீட்டினார். விரல் போய் நின்றது பக்கத்து வயலில்.

"இருபது வருஷம் உழுதவனுக்கு வரப்புத் தெரியாமப் போகுமாங்க?" என்றார் நிலக்காரரின் காரியஸ்தர் சாமிதுரை.

தாசில்தார் இரண்டு வாரம் தவணை கொடுத்தார். அந்த இரண்டு வாரத்தில் துரைக்கண்ணு சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணில் புரை விழுந்திருக்கும் என்று மனைவி அம்சவல்லி அவரைத் தஞ்சாவூர்க் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நரம்பு டாக்டர் ஹமீதா பானுவிடம் அனுப்பினார்கள்.

டாக்டர் கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்ணும் ஒரே பக்கத்தில் போய் நெருக்கியடித்தன. சாய்ந்த கோடு ஒன்றைக் காட்டி, அதே சாய்வில் இருப்பது எது என்று கேட்டார். மூன்று தரமும் தப்பு. துரைக்கண்ணு தாளைத் தள்ளிவிட்டார்.

"நான் பைத்தியம் இல்லம்மா."

"யாருங்க அப்படிச் சொன்னா? உங்களுக்கு நடுக்குவாதம். கண்ணு பாக்குது. பாத்தது எங்க இருக்கு, எப்படிச் சாஞ்சிருக்குன்னு சேர்த்துப் பாக்குறதுல மூளை தடுமாறுது." ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிஷம் கழித்துக் கேட்டார். ஐந்தையும் சொன்னார் துரைக்கண்ணு.

"இத எழுதித் தருவீங்களா?" என்றாள் அம்சவல்லி.

டாக்டர் எழுதினார்: இவருக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறது. கையால் காட்டச் சொல்லாமல் வாயால் கேட்கவும்.

தவணை நாளில் மறுபடி வயலுக்கு வந்த தாசில்தார் கடுதாசியை இரண்டு தரம் படித்தார். "சரி, சொல்லுங்க."

"வடக்கு வாய்க்கால்ல மூணாவது மடை எங்களுது. மேல் வயல் நிறைஞ்சுதான் கீழ தண்ணி எறங்கும். தென்கிழக்கு மூலை களருங்க. மேல வெள்ளையாப் பூத்துக் கெடக்கும். நாத்து நிக்காது, ரெண்டு தரம் நடணும்."

தாசில்தார் சாமிதுரையைத் திரும்பிப் பார்த்தார். "களர் எந்த மூலையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?" சாமிதுரை பக்கத்தில் நின்ற தலையாரியைப் பார்த்தார். மூலையைப் பார்க்கப் போன தலையாரி வெள்ளை மண்ணை ஒரு பிடி அள்ளி வந்தார். அடுத்த மாதம் துரைக்கண்ணுவின் பெயர் பதிவேட்டில் ஏறியது.

அதற்குப் பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தது, அவர் கண்ணுக்கு வரப்பு நேராகவில்லை. குறுவைக்குத் தண்ணீர் வந்த அன்று, சொல்லாமல் கொள்ளாமல் தனியாகப் போய்ப் பக்கத்து வயல் பக்கிரியின் நாற்றங்காலுக்குள் இறங்கிவிட்டார். முளைவிட்ட நாற்று காலடியில் நசுங்கியது. பக்கிரி திட்டவில்லை. "மெதுவா வாங்கண்ணே" என்று முழங்கையைப் பிடித்துக் கரையேற்றினான். அதுதான் அவரைச் சுட்டது.

மறுநாள் முதல் மண்வெட்டியோடு அம்சவல்லி முன்னால் நடந்தாள். அவள் முதுகைவிட்டுக் கண்ணை எடுக்காமல் அவர் பின்னால் போனார். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, "மடையப் பாத்தியா?" என்று கேட்டபடியே இருந்தார்.