பாதியில் அறுந்த வரிகள்

ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தையல்காரருக்கும் பேக்கரிக்கும் நடுவே ஒற்றை அறைக் கடை ஒன்று இருந்தது. என் தங்கையின் கல்யாண ஆல்பக் கடை. போட்டோகிராபர்கள் கொட்டிவிட்டுப் போகும் படங்களை அவள் பொறுக்கி, நிறம் திருத்தி, பக்கம் பக்கமாக அடுக்கிப் புத்தகமாக்கித் தருவாள். அதற்கு முன்பு எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி கேபில் போய், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வேலை. அதை விட்ட அன்று, "இனிமே வாழ்க்கையில யாருக்கும் சாரி சொல்ல மாட்டேன்ணா" என்றாள். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும் முன்பே அந்தப் பிரகடனம் வந்துவிட்டது.

நான் எதிலும் நிலைத்து உட்காராதவன். வேலை, வீடு, பேட்டை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே வந்தவன். கம்பெனிகளின் மென்பொருளுக்குக் கையேடு எழுதிப் பிழைக்கிறேன்; மிஞ்சிய நேரத்தில் யாரும் கேட்காத வரிகளை எழுதுகிறேன். ஒரே நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்து, யாரோ ஒரு மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டியை நேராக்கிக்கொண்டிருக்கும் தங்கையைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஒரே குடும்பத்தில் ஒருவருக்காவது இருக்கை கிடைத்துவிட்டதே என்று.

அந்த இருக்கைக்கு எதிரே இருந்த கணினிதான் ஆட்டம் காட்டியது. சாதாரணமாக ஓடும். ஆல்பம் முழுவதையும் ஒன்றுசேர்த்து அச்சுக்கு அனுப்பும் கோப்பாக மாற்றும்போது, மூச்சு நின்றதுபோல் சட்டென்று அணைந்துவிடும். தை பிறந்து முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. வாரண்டி முடியவும் அதிக நாளில்லை. அதற்குள் பழுதை ஒப்புக்கொண்டு மாற்றித் தந்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் சீசன் போய்விடும், சீசன் போனால் கடையும் போய்விடும். இவ்வளவுதான் கணக்கு.

சர்வீஸ் சென்டர்காரர் கன்னடம் கலந்த தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னார். "தானா ஆஃப் ஆவுதுன்னு எல்லாரும்தான் சொல்றாங்க மேடம். இங்க வந்தா சமத்தா ஓடுது. ரீடிங் எழுதற லாக் போட்டு, எக்செல்ல கிராஃப் எடுத்துக் கொண்டாங்க. நோடோண."

பார்ப்போம் என்கிறார். சரி, பார்க்கட்டும் என்று நான் ஒரு கண்காணிப்பு மென்பொருளை அதில் போட்டுக்கொடுத்தேன். கணினி தன் உடம்பைப் பற்றித் தானே குறிப்பெழுதும் ஏற்பாடு அது. சூடு எவ்வளவு, விசிறி எவ்வளவு வேகம், மின்சாரம் எத்தனை வோல்ட் என்று நொடிக்கு நொடி ஒரு வரி. எண், கமா, எண், கமா. கவிதை எழுதுகிறவனுக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. ஒரு உயிர் இவ்வளவு ஒழுங்காகத் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியுமா?

சில நாள் ஓடவிட்டோம். நடுவில் பலமுறை அணைந்தது. அவள் மறுபடி மறுபடி போட்டாள். ஒரு ஞாயிறு, நான் ஆனேக்கல் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது போன் வந்தது.

"ண்ணா, எக்செல்ல தொறந்துட்டேன். ஆனா சூட்டுக்கு ஆவரேஜ் போட்டா வரவே மாட்டேங்குது."

"ஏன்?"

"நடு நடுவுல எழுத்து வருது. மொத வரியில இருக்கிற தலைப்பே திரும்பத் திரும்ப வருது. அதுக்கு மேல ஒரு வரி பாதியோட நிக்குது, எலி கடிச்ச மாதிரி."

"இரு, வந்து பாக்கறேன்."

"நீ வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். உன் பஸ்ஸு சந்தாபுராவுல மாட்டிக்கும்."

மாட்டத்தான் செய்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. காற்றில்லாத மதியத்து ஏரிபோல் இடமிருந்து வலம்வரை மெல்லிய அலைகள். சூடு ஏறியிருக்கிறது, இறங்கியிருக்கிறது, எங்கேயும் அறுபடவில்லை. தலைப்புகளுக்கு நீலம், கட்டங்களுக்கு மெல்லிய கரை, மூலையில் கடையின் சின்னம். அவள் தொட்டால் எதுவும் ஆல்பமாகிவிடும்.

"அந்தப் பாதி வரியெல்லாம்?"

"தூக்கிட்டேன். கண்ணு மூடின போட்டோவ யாராவது ஆல்பத்துல வெப்பாங்களா?"

"அழகா இருக்கு" என்றேன். அழகாகத்தான் இருந்தது. பேக்கரியிலிருந்து தில்பசந்த் வாங்கி வந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

திறந்த கோப்பின் மேலேயே, அதே பெயரில், அவள் சேமித்திருந்தாள். படங்களில் அவள் அப்படிச் செய்யவே மாட்டாள். மூலப்படத்தை எப்போதும் தனியே வைப்பாள். இது படம் இல்லையே, வெறும் எண்தானே என்று தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சர்வீஸ் சென்டரில் அவர் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஹீட் நார்மல் மேடம். ஆஃப் ஆன மாதிரி எங்கயும் தெரியலயே."

"நேரத்தப் பாருங்க சார். இங்க பத்து நிமிஷம் காணோம்."

"அது நீங்களே ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம்ல? கிராஃப் நல்லாருக்கு. இவ்ளோ நீட்டா எங்க பசங்களே போட மாட்டாங்க." அவர் உண்மையாகவே பாராட்டினார். "ஆனா ஆகல்லா, முடியாது மேடம். ஃபால்ட் இல்லாத மிஷின்ல எதை மாத்தறது?"

அவள் விடவில்லை. வைத்துப் பாருங்கள் என்று கணினியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். அவர்கள் மேசையில் அது வேலை எதுவும் இல்லாமல், சமத்தாக, நாள் கணக்கில் ஓடியது. பழுதில்லை என்ற சீட்டோடு திரும்பி வந்தபோது வாரண்டி முடிந்திருந்தது. சீசன் பாதி தாண்டியிருந்தது. யாரோ சூடு என்றார்கள், விசிறி மாற்றினாள். யாரோ மெமரி என்றார்கள், அதையும் மாற்றினாள். அணைவது மட்டும் மாறவில்லை. கல்யாணம் முடிந்து சீமந்தமே வந்துவிடும்போல என்று ஒரு போட்டோகிராபர் கடை வாசலில் நின்று கேலி பேசிவிட்டுப் போனார். போனில் ஒவ்வொருவருக்கும் அவள் சொல்லிக்கொண்டிருந்ததைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். "சாரி சார். சாரி மேடம். நாளைக்கு கண்டிப்பா சார்." பழைய குரல். ஹெட்போன்தான் இல்லை.

ஆடியில் கடையைக் காலி செய்தாள். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். கணினியை எடைக்குப் போடப் போனவளைத் தடுத்து நான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடையை என்னால் தூக்கிவர முடியாது, இதையாவது தூக்கலாம் என்ற எண்ணம்தான்.

அந்தக் கண்காணிப்பு மென்பொருள் அதில் அப்படியே இருந்தது; சர்வீஸ் சென்டர் சீட்டு வந்தபின் அதன் குறிப்பை நாங்கள் இரண்டு பேருமே திறக்கவில்லை. அதை நிறுத்தத் தோன்றவில்லை. கைவசம் இருந்த ஊர்ப்பயணப் படங்களை வீடியோவாக்கச் சொல்லி ஒரு பகல் ஓடவிட்டேன். அணைந்தது. மறுபடி போட்டதும், ஏனோ எக்செல்லுக்குப் போகாமல், நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்தேன். முழு முழு வரிகளாக இறங்கி வந்தது ஓரிடத்தில் பாதியில் அறுந்திருந்தது. அதன் கீழே தலைப்புகள் மறுபடி முதலிலிருந்து. எலி கடித்த வரி. அந்தப் பாதி வரியிலேயே, அறுந்த இடத்துக்கு முன்னால், பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய எண் பதினொன்றுக்கும் கீழே சரிந்திருந்தது. மேலே உள்ள வரிகளில் இல்லாத சரிவு. இன்னொரு முறை ஓடவிட்டேன். இன்னொரு முறை அணைந்தது. அதே இடம் அதே மாதிரி தொய்ந்தது. பளு ஏறும்போது மின்சாரம் தரும் பெட்டிக்குத் தெம்பில்லை. எஸ்.எம்.பி.எஸ். என்று கடைகளில் அலமாரியின் அடித்தட்டில் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்தப் பெட்டி. மாற்றினேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அதன்பின் அது அணைந்ததே இல்லை. அந்த நன்றாக ஓடும் சத்தத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விசிறியின் சீரான முனகலில் ஒரு கடை மூடிக்கிடக்கிறது. சாகும் நொடியில் ஒரு இயந்திரம் தனக்கு என்ன வலித்தது என்று எழுத ஆரம்பித்து, முடிக்காமல் போயிருக்கிறது, ஒருமுறையல்ல, எத்தனையோ முறை. நாங்கள் இரண்டு பேரும் அழகை நம்புகிறவர்கள். அந்தக் குடும்பச் சொத்து எங்களை இப்படியா கவிழ்க்க வேண்டும்?

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு ஞாயிறு மதியம் மறுபடி சேர்ந்த ஹெட்போன் வேலையின் ஷிஃப்டுக்குப் போகும் வழியில் அவள் வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. நான் நோட்பேடில் அந்த வரியைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இதத்தான் தூக்கிப் போட்டேனா?"

"இதே மாதிரி எல்லாத்தையும்."

"மூலத்த வெச்சிருக்கணும்ணா" என்றாள். பிறகு, "எடம் இருந்தது. ஒரு காப்பி வெக்க எவ்ளோ எடம் ஆவும்?"

"மிஷின நீயே எடுத்துட்டுப் போ. வீட்லேர்ந்தே சின்னதா ஆரம்பி."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் பழைய ஆல்பம் ஒன்றைத் திறந்தாள். கொடுக்கப்படாமலே போன ஆல்பம். கடைசிப் பக்கத்தில் ஒரு மாமாவின் சட்டைக் காலரைச் சரிசெய்து, முழுதையும் ஒன்றுசேர்க்கச் சொல்லி ஓடவிட்டாள். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. அவள் இடது கை சேமிக்கும் பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தது. அழுத்து, விடு, அழுத்து. அணைவதற்குள் காப்பாற்றிவிட வேண்டும் என்று அந்தக் கை இன்னும் நினைத்துக்கொண்டிருந்தது.

கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தது. முடிந்தது என்று ஒரு சின்ன மணி அடித்தது. அவள் கை அப்போதும் நிற்கவில்லை.

கீழேயிருந்து கேப் டிரைவர் போன் செய்தான். "சாரிண்ணா, இதோ வந்துட்டேன்" என்று அவனிடம் சொல்லிக்கொண்டே அட்டையை நேராக்கியபடி படியிறங்கினாள்.