தம்பி பெயரில் எடுத்த சாவு லீவு

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது நான் வல்லம் வடகாலில், கார்களுக்கு வயரிங் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தேன். சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். சேரப்பணஞ்சேரியில் ஒரே ரூமில் ஐந்து பேர் தங்கியிருந்தோம். எனக்கு ஒரே தம்பி, ராணுவத்தில் சிப்பாய். அப்பா இல்லாத வீட்டில் அவன் யூனிபார்ம் போட்ட நாளில் எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. அந்த போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, பார்க்காதவர்களைப் பிடித்து உட்காரவைத்துக் காட்டுவேன்.

ஒரு நாள் காலை ஷிப்டில் டீ குடிக்கும் நேரம் போன் வந்தது. தம்பியின் யூனிட்டில் இருக்கும் தமிழ்க்கார ஹவில்தார் ஒருவர் பேசினார். மலைப்பாதையில் வண்டி உருண்டு தம்பிக்குப் பலமான அடி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றார். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பையன் சாப்பிட மறுக்கிறான், யாரோடும் பேசுவதில்லை, வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்தில் இருந்தால் நல்லது, உடனே கிளம்பி வாங்க என்றார். அம்மா மதுரையைத் தாண்டியதில்லை. நான்தான் போக வேண்டும்.

நேராக சூப்பர்வைசரிடம் போனேன். காஞ்சிபுரத்துக்காரர், கெட்ட மனிதர் இல்லை. அந்த வாரம் எங்கள் லைனில் ஆள் பற்றாக்குறை, அவர் தலைக்கு மேல் வேலை.

"அடிபட்டதுக்கு இன்னாப்பா லீவு? மிலிட்டரில அவுங்களே நல்லா பாத்துப்பாங்க. நீ போயி இன்னா பண்ணப்போற?" என்றார்.

ஆபீசில் இருந்த பெண் என் பக்கமாக லீவு பாரத்தைத் திருப்பிக் காட்டினாள். சொந்தக் கல்யாணம், சொந்த உடம்பு, குடும்பத்தில் இறப்பு. மூன்றே கட்டம். இதில் எதில் அண்ணா எழுதட்டும் என்று கேட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள். சொல்லாமல் போனால் எட்டாவது நாள் கேட்டில் என் கார்டு வேலை செய்யாது, வேலை போய்விடும். வீட்டில் தங்கச்சி காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பூராவும் யோசித்தேன். மறுநாள் காலை சூப்பர்வைசர் முன்னால் போய் நின்று, "தம்பி போயிட்டான் சார்" என்றேன்.

சொன்னதும் எனக்கே அழுகை வந்துவிட்டது. நடிப்பு இல்லை. அதைப் பார்த்து அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நேற்றே என்னை அனுப்பியிருக்க வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் பதினைந்து நாள் லீவுக்குக் கையெழுத்து ஆனது. எங்கள் லைன் பாத்ரூம் போகக்கூட நிற்காத லைன். அன்றைக்கு இரண்டு நிமிடம் நிறுத்தினார்கள். எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். உயிரோடு இருக்கும் தம்பிக்காக நானும் தலை குனிந்து நின்றேன்.

இரண்டு நாள் ரயிலில் போய், தம்பி இருந்த ராணுவ ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் தம்பி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். துடைத்துவிட்டேன், சட்டை மாற்றிவிட்டேன், பருப்புத் தண்ணியைச் சோற்றில் பிசைந்து ஊட்டினேன். மூன்றாம் நாள் தானே ஸ்பூனை வாங்கிக்கொண்டான். நாலாம் நாள் என் இந்தியைக் கேட்டுச் சிரித்தான். செயற்கைக் கால் வைத்தால் பைக் ஓட்டலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னான். பொய்யாவது மண்ணாவது, பிழைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் அவன் போனுக்கு ஒரு படம் வந்தது. அவனோடு பள்ளியில் படித்தவன், இது நிஜமா என்று அழுத குரல்பதிவோடு அனுப்பியிருந்தான். என் ஸ்டேட்டஸில் இருந்த அதே போட்டோ. மாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றி, 'வீர வணக்கம்' என்று எழுதியிருந்தது. லைன் பையன்கள் செய்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ராணுவ வீரன் சாவு, கை கைக்கு மாறி எங்கள் ஊர் வரைக்கும் போய்விட்டது. வல்லம் ரோட்டில் பேனரே வைத்துவிட்டார்களாம்.

தம்பி வெகுநேரம் அதைப் பார்த்தான். விரலால் பெரிதாக்கிக் கால் பக்கம் கொண்டுபோனான்.

"ரெண்டு காலோட நிக்கிறேன்ணே" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம் இல்லாததைச் சொன்னேன். காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது, எந்தக் காலைப் பிடிப்பது. அவன் கோபப்படவே இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"அடிபட்டவனுக்கு லீவு இல்ல, செத்தவனுக்கு உண்டு. அவுக கணக்கு சரியாத்தாண்ணே இருக்கு" என்றான்.

அதற்குள் ஊரிலிருந்து போன். வீட்டு வாசலில் கூட்டம் கூடி, அம்மா மயங்கி விழுந்திருக்கிறாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, அவன் குரலைக் கேட்டால்தான் ஆச்சு என்று கத்தினாள். "நான் உசுரோடதான் இருக்கேன்மா" என்று அவனே சொல்ல வேண்டியதாயிற்று. ஏதோ தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொள்கிறவன் மாதிரி சொன்னான். அன்று இரவு சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு பைக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

லீவு முடிந்து திரும்பியதும் சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்லி கார்டைக் கொடுத்துவிட்டேன். "உயிரோட கீறானே, அது போதும்பா" என்றார். அந்தச் சொல்லுக்கு அவரைக் கும்பிட வேண்டும். ஆனால் போதவில்லை. பேனரை நானே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு வந்தேன். தம்பி முகம் இருப்பதால் எரிக்கவும் முடியவில்லை, குப்பையில் போடவும் முடியவில்லை. ரூம் பரணில் இப்போதும் கிடக்கிறது.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். தம்பி ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. செயற்கைக் கால் கதவு மூலையில் சாத்தியபடியே இருக்கிறது, வாசல் வரைக்கும்கூட அவன் வருவதில்லை. மாலை போட்ட அந்தப் படத்தைத்தான் தன் வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாக வைத்திருக்கிறான். மாற்றச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தாயிற்று, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் நான் கூப்பிடும்போது திரையில் முதலில் அந்த மாலைதான் வருகிறது. லீவுக்காக நான் சொன்ன வார்த்தையை அவன் நம்பிவிட்டானோ என்று பயந்துகொண்டே, அந்தப் பக்கம் "சொல்லுண்ணே" என்று குரல் வரும்வரை போனைக் காதில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.