விரத வீட்டில் மீன் வாசம்

வேலை போன பிறகு எனக்கு வீட்டில் உட்காரத் தெரியவில்லை. ரவாங்கில் நான் மேற்பார்வையாளராக இருந்த தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். விடிவதற்குள் காரை எடுத்து நெடுஞ்சாலையில் ஏறிப் பழகிய உடம்பு, கிள்ளானில் எங்கள் வரிசை வீட்டின் கேட்டுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தது. மனைவிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை. இருட்டோடு கிளம்பி ரயிலுக்குப் போய்விடுவாள். அவள் திரும்பும்வரை வீட்டில் நானும் பூனையும்தான்.

பூனை அவளுடையது. ரயில் நிலையத்தில் கார் நிறுத்தும் இடத்தில் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்ததைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தவள் அவள். மஞ்சள் நிறக் கடுவன். நானும் அதுவும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாமல் சில வருடங்கள் ஒரே கூரைக்குக் கீழே இருந்துவிட்டோம். அதற்கு வேண்டியது ஒரு கிண்ணம் பூனை பிஸ்கட். காலையில் கொட்டிவைத்தால் நாளெல்லாம் கொறித்துக்கொள்ளும். வாடை கிடையாது, ஈ மொய்க்காது. வளர்த்தால் இப்படி ஒரு பிராணியைத்தான் வளர்க்க வேண்டும் என்று நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் காலையில் அது மலஜலம் கழிக்கும் மணல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது, எழுந்து வந்தது, மறுபடி போனது. நானும் அப்போது நடந்துகொண்டிருந்ததால் முதலில் கவனிக்கவில்லை. என்னைப்போல இதற்கும் இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். பிறகு அது பெட்டிக்குள் குந்தியபடி அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தது. அந்த மாதிரி ஒரு சத்தத்தை அதனிடம் நான் கேட்டதே இல்லை. மணலைக் கிளறிப் பார்த்தேன். ஈரமே இல்லை.

மனைவியைக் கூப்பிட்டேன். ரயிலில் இருந்தாள்.

"ஒன்னுக்குப் போகலையா? நல்லா பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்லா. மணல் காய்ஞ்சு கெடக்கு."

"உடனே கிளினிக்குக்குக் கொண்டு போங்க. இப்பவே. சட்டைய மாத்திக்கிட்டு நிக்காதீங்க."

பூனையைத் தூக்கிப்போகக் கூண்டு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. துணிக்கூடையில் அதைப் போட்டு, மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து, கயிற்றால் கட்டி முன் சீட்டில் வைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அது என்னைப் பார்த்துக் கத்தியது. நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

கால்நடை மருத்துவர் இளம்பெண், தமிழ்ப் பிள்ளை. அதன் வயிற்றைத் தொட்ட உடனே அவர் முகம் மாறிவிட்டது. சிறுநீர்ப்பாதை அடைத்துக்கொண்டு, சிறுநீர்ப்பை கல் மாதிரி ஆகிவிட்டது என்றார். இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாம். குழாய் போட்டு எடுத்து, சில நாள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அதைத் திரும்பக் கூட்டிவரச் சனிக்கிழமை போனபோது மனைவியும் வந்தாள். மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார்.

"அங்கிள், பிஸ்கட் மட்டும்தான் குடுத்தீங்களா?"

"அதத்தான் சாப்பிடும்."

"பூனைங்க ரொம்ப தண்ணி குடிக்காது அங்கிள். சாப்பாட்டுலயே தண்ணி போகணும். பிஸ்கட்ட நிறுத்த வேணாம். காலையிலயும் மத்தியானமும் பாக்கெட்டுல வர்ற ஈரச் சாப்பாடு குடுங்க, சாயங்காலம் பிஸ்கட் கொஞ்சம். மெதுவா மாத்துங்க. பட்டினி மட்டும் போட்டுடாதீங்க, ஈரல் கெட்டுப்போயிடும்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "வீட்டுல ஏதாவது மாறியிருக்கா? புது ஆள், வீடு ரிப்பேர், அந்த மாதிரி? பூனைக்கு டென்ஷன் வந்தாலும் இப்படி ஆகும்" என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன்.

"இவரு இப்ப வீட்டுல இருக்காரு" என்றாள் மனைவி.

அவள் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதுதான் எனக்கு வலித்தது.

இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. வேலை கிடைக்க வேண்டும் என்று தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டு நான் விரதம் தொடங்கியிருந்தேன். வீட்டில் மீன், இறைச்சி எதுவும் கிடையாது. அடுப்பு, சட்டி எல்லாவற்றையும் நானே தேய்த்துக் கழுவி, குளிர்பெட்டியைக்கூட மஞ்சள் தண்ணீரால் துடைத்திருந்தேன். வேலையற்றவனுக்கு அது ஒரு வேலை. இப்போது மேசைமேல் ஒரு பை நிறைய சூரை மீன் பாக்கெட்டுகள்.

"காலையில நான் வச்சிட்டுப் போறேன். மத்தியானம் நீங்கதான் வைக்கணும்" என்றாள்.

"நான் விரதம்மா."

"நீங்களா சாப்பிடப் போறீங்க?"

முதல் நாள் அவள் வைத்துவிட்டுப் போனதைப் பூனை முகர்ந்து பார்த்தது. பிறகு தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி, அசிங்கத்தை மண் போட்டு மூடுவதுபோல மூடப் பார்த்தது. அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் நான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே நின்று புது பாக்கெட்டைக் கத்தரித்தேன். அதையும் மூடியது. பிஸ்கட்டை நொறுக்கி மேலே தூவினேன். தூவியதை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு நாக்கைச் சுழற்றியது.

மறுநாள் பிஸ்கட்டையும் தொடவில்லை. மருத்துவர் ஈரல் என்று சொன்னது காதிலேயே நின்றது. மணல் பெட்டியைப் பார்ப்பேன், தட்டைப் பார்ப்பேன், கேட்டுக்குப் போவேன், திரும்பி வருவேன். வேலைக்கு விண்ணப்பித்த இடங்களிலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கைப்பேசியைப் பார்ப்பேன். மனைவியை அழைத்தால் அவள் கிசுகிசுவென்று பேசினாள்.

"மீட்டிங்ல இருக்கேன். சாப்பிட்டுச்சா?"

"இல்ல."

"லேசா சுட வச்சுக் குடுத்துப் பாருங்க."

"சாமிக்குச் சமைக்கிற அடுப்புலயா?"

"என்னமோ செய்ங்க" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலில் எப்போதும் பூனைகள் படுத்துக்கிடக்கும். நான் கேட்டில் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். என்ன ஆயிற்று என்று மலாயில் கேட்டார். சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலில் கழற்றிவிட்டு, பூனையின் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஆழமான கிண்ணம் வேண்டாம், மீசை இடிக்கும், தட்டையான தட்டு கொண்டு வா என்றார். அடுப்பு வேண்டாம், பாக்கெட்டைச் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டாலே போதும் என்றார். கடைசியாக, "விரலால எடுத்து முன்னங்காலில தடவு. பூனைக்கு அழுக்கு பிடிக்காது. நக்கித்தான் ஆகணும்" என்றார்.

"நீங்களே தடவுங்களேன். நான் விரதம்."

அவருக்கு விரதம் என்றால் என்னவென்று தெரியும். தலையை ஆட்டினார். ஆனால் எடுக்கவில்லை. "என் கையிலயிருந்து சாப்பிடப் பழகினா, நாளைக்கு யார் கொடுப்பாங்க? நாள் பூரா வீட்டுல இருக்கிறது நீதானே."

அதே வார்த்தைதான், வீட்டில் இருக்கிறவன். ஆனால் அவர் சொன்னபோது அது ஒரு பொறுப்பைக் கொடுப்பதுபோல இருந்தது.

நான் விரலை விட்டேன். வெதுவெதுப்பான, வழவழப்பான குழம்பு. வாசனை தலைக்கு ஏறியது. பூனையின் காலில் தடவினேன். அது காலை உதறியது, என்னை முறைத்தது, பிறகு நக்கியது. மறுபடி தடவினேன். அடுத்த முறை காலுக்குப் போகவே விடவில்லை. என் விரலையே நக்கத் தொடங்கியது. அதன் நாக்கு தேங்காய்த் துருவி மாதிரி சொரசொரவென்று இருந்தது. இத்தனை வருடத்தில் அது என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

சவர்க்காரம், எலுமிச்சை, சாம்பல் என்று எல்லாவற்றையும் போட்டுக் கை கழுவினேன். வாசம் போகவில்லை. அன்று சாயங்காலம் சாமி அறைக்குள் நான் போகவில்லை. மனைவி வந்ததும், "இன்னிக்கு நீ விளக்கேத்து" என்றேன்.

"ஏன்?"

கையை நீட்டினேன். அவள் முகர்ந்து பார்த்தாள். கைப்பையைக்கூட இறக்காமல் சிரிக்க ஆரம்பித்தாள். வேலை போன நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

"பசிச்ச வாயில ஊட்டின கைக்கு என்னாங்க தீட்டு? முருகன் ஒன்னும் சொல்ல மாட்டாரு. வாங்க, குளிச்சிட்டு வந்து நீங்களே ஏத்துங்க."

ஏற்றினேன். மனம் முழுதாக ஒப்பவில்லை என்றாலும் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிடவில்லை. சூரை மீனை ஒரு வாரம் தின்றுவிட்டு ஒரு காலையில் திரும்பவும் தரையைப் பிறாண்டியது. கோழிக்கு மாற்றினோம். கோழியும் சலித்தது. ஈரச் சாப்பாட்டில் இன்னும் ஒரு கரண்டி தண்ணீர் கலந்தால் சில நாள் குடிக்கும், சில நாள் குழம்பை மட்டும் விட்டுவிடும். மாலையில் பிஸ்கட் டப்பாவின் சத்தம் கேட்டால் மட்டும் எங்கிருந்தாலும் ஓடி வந்தது. அதற்குப் பிஸ்கட்டின் மேல் இருந்த ஆசை போகவே இல்லை. ஆனால் மணல் கட்டி கட்டியாக நனைந்தது. காலையில் நாளிதழைப் பார்ப்பதற்கு முன்னால் நான் அதைத்தான் கிளறிப் பார்த்தேன். நல்ல பெரிய கட்டியாக இருந்தால் மனைவிக்குச் செய்தி அனுப்புவேன். ரயிலிலிருந்து அவள் ஒரு கைதட்டல் படம் அனுப்புவாள்.

தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்தேன். வெயிலில் தார்ச்சாலை காலைப் பொசுக்கியது. நடக்கும்போது வேலையை வேண்டிக்கொள்ளத்தான் போனேன். ஆனால் பாதி வழியில் என் நினைப்பெல்லாம் வீட்டில் தட்டு காலியாகி இருக்குமா என்பதிலேயே இருந்தது.

பங்குனியில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. பழைய சம்பளம் இல்லை, பழைய பதவியும் இல்லை. சரி என்றேன். மத்தியானச் சாப்பாட்டைப் பக்கத்து வீட்டு அம்மா ஏற்றுக்கொண்டார். சாவியைக் கொடுக்கப் போன அன்று, பாக்கெட்டை எவ்வளவு நேரம் சுடுதண்ணீரில் வைக்க வேண்டும், எத்தனை கரண்டி தண்ணீர் விட வேண்டும் என்றெல்லாம் நான் அவருக்கே பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

வேலையின் முதல் நாள், கிடங்கு கேண்டீனில் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசி மேசையில் கிடந்தது. எதிரில் இருந்தவன், "என்னா அண்ணே, சாப்பிடாம போனையே பாக்கறீங்க, வீட்டுல யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான்.

"இல்ல தம்பி. சாப்பிட்டாச்சான்னு ஒரு மெசேஜ் வரணும்."

"அண்ணிகிட்டேர்ந்தா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோது பக்கத்து வீட்டு அம்மாவிடமிருந்து படம் வந்தது. தட்டு, ஓரத்தில் கொஞ்சம் குழம்பு மிச்சம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மிச்சம் இருப்பது எவ்வளவு என்று அந்தப் படத்தை வைத்துச் சரியாகச் சொல்ல முடியவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து சாப்பிடத் தொடங்கினேன்.