ராசியான சட்டையும் ஊசிப் படிகமும்

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு சிறிய மருந்து ஆலையில் கெமிஸ்டாக இருந்த துளசிங்கம், தாம் எம்.எஸ்ஸி. படித்தவர் என்பதை யாரும் மறக்க விட்டதில்லை. 1992 ஐப்பசிக்குப் பிறகு, அதை முதலில் மறக்க விரும்பியவரும் அவர்தாம்.

மருந்து ஒன்றுதான், மூலக்கூறுகள் அடுக்கி உட்காரும் விதம் மாறினால் படிகம் தட்டையாகவும் வரும், ஊசியாகவும் வரும். வாங்குபவர்கள் கேட்டது தட்டை. திடீரென்று ஊசி வரத் தொடங்கியது. படிகம் வளரும் தொட்டியைத் தேய்த்துக் கழுவியும் ஊசியே வந்தது.

"மாசக் கடைசிலயும் ஊசின்னா வேற வேலை பார்த்துக்கோய்யா" என்றார் மேலாளர் துரைராஜ்.

துளசிங்கம் விஞ்ஞானத்தை ஒதுக்கிவிட்டு, வேலை கிடைத்த நாளில் போட்டிருந்த ராசியான சட்டையை நம்பினார். ராசி போய்விடுமென்று அதைத் துவைக்காமலே தினமும் அணிந்து, தொட்டிமேல் குனிந்து வேண்டிக்கொண்டார். ஊசி இன்னும் செழிப்பாக வந்தது.

கடைசி வாய்ப்பன்று காலை, தாம்பரம் வீட்டில் மனைவி சரளா அந்தச் சட்டையை வாளியில் ஊறப்போட்டிருந்தாள். "இதோட ட்ரெயின்ல ஏறினா பக்கத்துல யாருங்க உட்காருவாங்க?"

வேலை போய்விட்டதென்றே எண்ணிக்கொண்டு வேறு சட்டையில் போனார். படிகம் தட்டையாக வந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஊசிப் படிகத்தின் ஒரு துகள் விழுந்தாலே மொத்தக் கரைசலும் அதைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும். முதல் துகள் எங்கிருந்து வந்ததோ, அதன்பின் குனிந்தபோதெல்லாம் சட்டைப் பையில் ஒட்டிய தூளைச் சுமந்து வந்து தினமும் விதைத்தவர் அவரேதான். தேர்வில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்.

துரைராஜிடம் மறைக்காமல் சொன்னார். அவர் வெகுநேரம் சிரித்தார். "அப்போ இன்னிக்குப் போட்டிருக்கியே, இதுதான் ராசி. இனிமே தினம் இதையே போட்டுகினு வா."

"துவைச்சுப் போட்டுக்கலாமா, சார்?" என்று துளசிங்கம் பணிவாகக் கேட்டார். வேலை தப்பியது.