டைப் செய்யாமல் விட்ட ஒன்பதாவது கட்டுரை

மூன்று வருடத்துக்கு முன்பு, கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், கொல்லிமலையில் நடந்தது இது. அங்கே எடப்புளி நாட்டில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் நான் கிராமச் செவிலியர். சொந்த ஊர் திருவாரூர் பக்கம். மலையில் வேலை என்று உத்தரவு வந்தபோது அழுதுகொண்டேதான் பஸ் ஏறினேன். ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு மாறுதல் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். இப்போது பதினான்கு வருடம் ஆகிவிட்டது.

தனியாக இருந்த அந்த முதல் வருடங்களில் பொழுது போகாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். பார்த்த பிரசவங்கள், தடுப்பூசி போட நடந்த நடை, என்னைத் துரத்திய நாய், எனக்குச் சாமைச் சோறு வடிக்கச் சொல்லிக்கொடுத்த பெண்கள், இப்படி. அதில் ஒன்று ஒரு மாத இதழில் வந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு பதிப்பகத்திலிருந்து ஆசிரியர் போன் செய்தார். “இந்த மாதிரி இன்னும் எத்தனை வெச்சிருக்கீங்க?” என்று கேட்டார். பதினைந்து இருக்கும் என்றேன். மாதிரிக்கு ஒன்று அனுப்பச் சொன்னார். ஒன்பதாவது கட்டுரையை செல்போனில் படம் எடுத்து அனுப்பினேன்.

மறுநாளே கூப்பிட்டார். புத்தகத்தில் இதைத்தான் முதலில் வைக்கவேண்டும் என்றார். எல்லாவற்றையும் யூனிகோடில் டைப் செய்து மாதக் கடைசிக்குள் அனுப்பினால் ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார். கூடவே ஒரு கடிதம் வேண்டும்: இவை என் சொந்த எழுத்து, இவற்றில் சொல்லியிருப்பவை உண்மையில் நடந்தவை என்று கையெழுத்துப் போட்டு. அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எனக்கு டைப் செய்யத் தெரியாது. செம்மேட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை உண்டு. பட்டா நகல், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், வேலைக்கு அனுப்பும் பயோடேட்டா எல்லாம் அங்கேதான். கம்ப்யூட்டரில் உட்காருகிற பெண்ணுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். நோட்டை அவளிடம் கொடுத்தேன். வெறுமனே டைப் அடிக்கிறவள் இல்லை அவள். ஒவ்வொரு கட்டுரையையும் படித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். “சிஸ்டர், மொளகு பறிக்கறது மாசிலதானுங்க. நீங்க ஆவணின்னு எழுதிப்போட்டீங்க” என்று திருத்துவாள். நான் ‘ர’ போட்ட இடங்களில் ‘ற’ போடுவாள். ஒரு கட்டுரையைப் படித்துச் சிரித்ததில் வரிசையில் நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் முதல் வாசகி அவள்தான்.

இருபதாம் தேதிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது, ஒன்பதாவதைத் தவிர. கேட்டால் கரண்ட் இல்லை என்றாள். அடுத்த முறை போனபோது கையெழுத்துப் புரியவில்லை என்றாள். மற்ற பதினான்கும் அதே கையெழுத்துதான். மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. நனைந்த குடையோடு கடைக்குள் நின்றுகொண்டு, முடியாது என்றால் முன்பே சொல்லியிருக்கலாமே, நான் ராசிபுரத்தில் கொடுத்திருப்பேனே என்று சத்தம் போட்டேன்.

அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள்.

“அது எங்கக்கா கதைங்க சிஸ்டர்” என்றாள். “பேர மாத்தியிருக்கீங்க. ஆனா ஜீப்புல கொழந்த பொறந்தது இந்தப் பக்கத்துல வேற யாருக்குங்க?”

அந்தக் கட்டுரையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஆறு வருடம் முன்பு நிறைமாதப் பெண் ஒருத்தியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு முள்ளுக்குறிச்சிப் பாதையில் இறங்கினோம். உடம்பெல்லாம் வீங்கி, ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. பாதி வழியில் ஒரு வளைவில் ஜீப்பை ஓரம் கட்டி நானே பிரசவம் பார்த்தேன். பெண் குழந்தை. கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் தாய்க்கு வலிப்பு வந்துவிட்டது. நான்கு நாள் கழித்துத்தான் கண் திறந்தாள். இருவரும் பிழைத்தது பெரிய விஷயம். கட்டுரைக்கு ‘அறியாமை’ என்று தலைப்பு வைத்திருந்தேன். கடைசி மாதத்தில் அவள் ஒரு முறை பரிசோதனைக்கு வந்திருந்தால் போதும், ஆஸ்பத்திரி பயத்தில் வராமலே இருந்துவிட்டாள், நான் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நன்றாக உருக்கி எழுதியிருந்தேன்.

“அக்கா வந்துச்சுங்க” என்றாள் அந்தப் பெண். “பொறக்கறதுக்கு ஒரு வாரம் முந்தி. செவ்வாக்கெழம. காலு வீங்கிருக்குதுன்னு நாந்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். அப்ப நான் பிளஸ் டூ. உங்க ஆபீசு பூட்டியிருந்துச்சுங்க. மூணரை பஸ்ஸு வர வரைக்கும் வாசப்படியிலயே உக்காந்திருந்துட்டுப் போனோமுங்க.”

நான் அதை நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள், நான் ஒருநாளும் பூட்டியதில்லை என்று சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. சரிங்க சிஸ்டர், அடிச்சுத் தரேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டாள். அவள் அப்படிப் பணிந்துபோனதுதான் என்னை உறுத்தியது. நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குவார்ட்டர்சுக்கு வந்து பெட்டியில் கிடந்த பழைய டைரிகளைக் கிளறினேன். அந்த வருடத்து டைரி கிடைத்தது. பிரசவத்துக்கு ஏழு நாள் முந்தைய செவ்வாய்க்கிழமையில் என் கையெழுத்திலேயே இருந்தது: ‘கீழே கூட்டம். ஆறு மணி பஸ்.’ முந்தின நாள் சாயங்காலம்தான் தகவல் வந்திருக்கவேண்டும். அவசரத்தில் கிளம்பியிருக்கிறேன். கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கலாம். பக்கத்து அங்கன்வாடியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்ததாக எனக்கு நினைவில்லை. செய்திருந்தால் அவர்கள் மூன்றரை மணி வரை உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அன்று அவள் கையில் பட்டையைச் சுற்றி ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் அப்போதே கீழே அனுப்பியிருப்பேன். டைரியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மணி நேரம் நடக்கவேண்டும். தங்கையும் கூட வந்தாள். என்னைப் பார்த்ததும் அக்கா, மரவள்ளிக் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவந்தாள். “வாங்க நர்சம்மா, ஏனுங்க இந்த மழையில?” என்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். ஜீப்பில் பிறந்த மகள் பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்துப்போட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நோட்டைப் பிரித்து அந்தக் கட்டுரையை அப்படியே படித்துக் காட்டினேன். ‘அறியாமை’ என்ற தலைப்பையும் விடவில்லை. அவள் கிழங்கை உரித்தபடியே முழுதும் கேட்டாள்.

“நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள். “ஆனா வாசல்ல வெள்ளாட்டுக்குட்டி கட்டியிருந்துச்சுன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அது எங்குளுது இல்லீங்க. பக்கத்து ஊட்டுது.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்டேன். இத்தனை வருடமாகப் பார்க்கிறோம், எத்தனை முறை இந்தக் குழந்தைக்கு ஊசி போட்டிருக்கிறேன், ஒருநாளாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அவள் தங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“ஆஸ்பத்திரில ஒரு ஆபீசரு வந்து கேட்டாருங்க. நர்சு ஒழுங்கா வராங்களா, செக்கப்புக்கு ஏன் போகலன்னு. இந்தப் புள்ளயோட அப்பா எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டாரு. பூட்டியிருந்துச்சுன்னு சொன்னா உங்கள மாத்திப்புடுவாங்கன்னு. உங்களுக்கு முந்தி இருந்தவங்க மாசத்துல ரெண்டு நாளுதான் வருவாங்க. நீங்க இங்கயே இருக்கறீங்க, கூப்பிட்டா வாரீங்க. ஒருநா இல்லாமப் போனதுக்கு உங்கள உட்டுப்போட்டு நாங்க என்னங்க பண்றது? அதான், எனக்குப் பயமா இருந்துச்சு, போகலைங்கன்னு நானே சொல்லிப்போட்டேன்.”

அந்த அதிகாரி அப்படி விசாரித்தது எனக்கு நினைவிருந்தது. ‘தாய்க்குப் பயம்’ என்று அவர் எழுதிக்கொண்டதும் நினைவிருந்தது. என் கட்டுரை அங்கிருந்துதான் பிறந்திருக்கிறது. எனக்காக அவள் தன் தலையில் போட்டுக்கொண்ட பழியை எடுத்து, அதற்கு ஒரு தலைப்பு வைத்து, புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சடிக்க இருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது சங்கடமாகிவிட்டது. “நீங்க வேணும்னேவா செஞ்சீங்க? உடுங்க. சோறு திங்காம போகக்கூடாது” என்று உள்ளே போய்விட்டாள். சோறும் அவரைக்காய்க் குழம்பும் போட்டாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் கிழங்கும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள்.

கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. அந்தக் கட்டுரையை எடுத்துவிட்டு மற்ற பதினான்கை அனுப்பியிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. உண்மையைச் சொல்லவேண்டுமானால் இரண்டு நாள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கதவைப் பூட்டிவிட்டுப் போனேன் என்று நானே அச்சில் போட்டால் மேலே இருப்பவர்கள் சும்மா விடுவார்களா என்ற பயம். ஆனால் அந்த உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோது, ‘உண்மையில் நடந்தவை’ என்ற வரியைப் படித்துவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். பதிப்பாசிரியருக்குப் போன் செய்து ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டேன். அப்படியென்றால் புத்தகக் காட்சிக்கு வராது என்றார். பரவாயில்லை என்றேன். காரணம் கேட்டார். அனுப்பியதும் படித்துப் பாருங்கள் என்றேன்.

புதிதாக எழுதினேன். இந்த முறை டைரியில் இருந்ததையும், அவர்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்ததையும் எழுதினேன். தங்கை ஒரே நாளில் டைப் அடித்தாள். ஒரு திருத்தம்கூடச் சொல்லவில்லை. பிரிண்ட் எடுத்து அக்காவிடம் போய்ப் படித்துக் காட்டி, போடலாம் என்று அவள் சொன்ன பிறகுதான் மின்னஞ்சலில் ஏற்றினோம். அன்றைக்கு நெட் ஊர்ந்தது. பட்டனை அழுத்திவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரையில் வரும்வரை இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

மூன்று வாரம் பதிலே இல்லை. பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு மத்தியானம், தடுப்பூசிப் பெட்டியோடு நடந்துகொண்டிருக்கும்போது பதிப்பாசிரியர் கூப்பிட்டார். “இதனால உங்க வேலைக்குப் பிரச்சினை எதுவும் வராதாம்மா?” என்றுதான் முதலில் கேட்டார். தெரியாது சார் என்றேன். வேண்டுமானால் யோசித்து இரண்டு நாளில் சொல்லுங்கள் என்றார். யோசித்துத்தான் அனுப்பினேன் என்றேன். “அப்ப இதுதான் முதல் கட்டுரை” என்று சொல்லி வைத்துவிட்டார்.

சித்திரையில் புத்தகம் வந்தது. நான் பயந்த மாதிரி மெமோ எதுவும் வரவில்லை. அதைப் படித்த ஓர் அதிகாரி, எங்கள் கூட்டங்களைச் செவ்வாய்க்கிழமையில் வைக்கவேண்டாம் என்று மட்டும் ஏற்பாடு செய்தார். முதல் பிரதியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். இரண்டாவது அந்த அக்காவுக்கு. அவள் மகள் எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிக்க, அக்கம்பக்கத்தில் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஆட்டுக்குட்டி வருகிற இடத்தில் ‘பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி’ என்று இருந்ததைக் கேட்டு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் தானும் புத்தகத்தில் வந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இத்தனை வருடமாக இந்த ஜனங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் காதுக்கு வராமல், என் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லாமல், இன்னும் எத்தனை வீடுகளில் என்னை இப்படிப் பொறுத்துக் காப்பாற்றியிருக்கிறார்களோ என்று, ஒவ்வொரு வாசலிலும் “வாங்க நர்சம்மா” என்ற குரலைக் கேட்கும்போது நினைத்துக்கொள்கிறேன்.