ஏழாம் குடும்பத்தின் கட்டைவிரல்

விரலக்காவின் மேசையில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. முகம் பார்க்க அல்ல, தன் கையைப் பார்த்து வரைய. அந்தப் படக்கதை அலுவலகத்தில் முகங்களை யார் வேண்டுமானாலும் வரைவார்கள். கை என்று வந்துவிட்டால் தாள் அவளிடம் வந்துவிடும். பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அவள் பென்சிலில் போட்ட கோடுகளுக்குப் பக்கத்து மேசைக்காரன் மை தீட்டுவான்.

'காவல் குடும்பங்கள்' அவளும் கணவனும் சமையலறை மேசையில் சிரித்துச் சிரித்து உருவாக்கிய கதை. தையல் கடை, மருந்துக் கடை என்று நடத்திக்கொண்டே, யாருக்கும் தெரியாமல் மனித குலத்தைக் காக்கும் ஏழு மந்திரவாதிக் குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் விரல்களை வளைத்துக் காட்டும் ஒரு முத்திரை. அது ரத்தத்தில் வருவது. துரோகம் செய்தவனுக்கு மட்டும் சொந்த முத்திரை கூடி வராது, விரல் அடம்பிடிக்கும்.

கணவன் இறந்த பிறகு அலுவலகம் கொழுந்தன் கைக்குப் போனது. அடுத்த இதழின் அட்டையில் 'கதை, கற்பனை, படைப்பு' என்று மூன்றுக்கும் அவன் பெயரே இருந்தது.

"அண்ணன் பேரு எங்க தம்பி? என் பேரு எங்க?"

"என்ன அண்ணி, குடும்பத்துக்குள்ள உன் பேரு என் பேருன்னு பிரிச்சுப் பாக்கலாமா? நீங்க கையை வரைங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மை தீட்டுபவன் களுக்கென்று சிரித்தான். விரலக்கா பென்சிலை எடுத்து அடுத்த கையை வரையத் தொடங்கினாள்.

கொழுந்தனுக்கு ஒரு பழக்கம். அச்சுக்குப் போகும் பக்கங்களில் தன் வசனம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பான். கைகளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான்.

ஏழாம் குடும்பத்தின் முத்திரையை அதுவரை யாருக்கும் காட்டியதில்லை. அந்தக் குடும்பத்தின் தலைவன் தானே என்று எழுதி, தன் முகத்தையும் வரையவைத்தான் கொழுந்தன். புத்தகக் கண்காட்சி மேடையில் முத்திரையைச் செய்து காட்டப்போவதாக விளம்பரமும் கொடுத்துவிட்டான்.

"முத்திரையை மட்டும் போட்டுக் குடுத்துடுங்க அண்ணி."

விரலக்கா கண்ணாடியின் முன் கையை நீட்டினாள். அவள் பிறந்த வீட்டில் எல்லோருக்கும் கட்டைவிரல் ரப்பர் மாதிரி சாய்ந்து முன்கையில் ஒட்டிக்கொள்ளும். அதையே வரைந்தாள், பார்ப்பதற்கு வெகு சுலபமாகத் தெரியும் கோணத்தில்.

மை தீட்டுபவன் செய்து பார்த்துவிட்டுக் கையை உதறினான். "அக்கா, இது மனுஷனால ஆகுமா?"

"மந்திரவாதியால ஆகும்." கொழுந்தன் தாளை ஒரு பார்வை பார்த்து, இவ்வளவுதானா என்று செய்துகூடப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கண்காட்சி அரங்கில் கால் வைக்க இடமில்லை. கொழுந்தன் கையை உயர்த்தினான். கட்டைவிரல் பாதி வழியில் நின்றது. மறு கையால் அழுத்தினான். "ஆ!" என்ற சத்தம் ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கக் கேட்டது.

முன்வரிசைச் சிறுமி எழுந்து நின்றாள். "உங்களுக்கு வரலையே அங்கிள்! அப்ப நீங்கதான் துரோகியா?"

"அது சும்மா கதைக்கு வெச்ச விதிம்மா..."

"நீங்கதானே வெச்சீங்க?"

ஆமென்றால் துரோகி, இல்லையென்றால் திருடன். 'துரோகி, துரோகி' என்று பின்வரிசையில் யாரோ தொடங்க, அரங்கமே தாளம் போட்டது. வேர்த்து வழிய அவன் மேடை ஓரம் பார்த்தான்.

"அண்ணி, ஏதாவது சொல்லுங்களேன்!"

விரலக்கா நடுமேடைக்கு வந்து கையைத் தூக்கினாள். கட்டைவிரல் சொன்னபடி கேட்டு முன்கையில் படுத்தது. தாளம் நின்றது. பிறகு அரங்கம் கூரை அதிரக் கத்தியது. மைக்கை வாங்கி, கணவனின் பெயரையும் தன் பெயரையும் நிதானமாகச் சொன்னாள். இந்தக் கதை யாருடையது என்பதையும் சொன்னாள்.

மறுநாள் காலை கொழுந்தன் அவள் மேசைக்கே வந்தான். விரல் வீங்கிக் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"அடுத்த இதழ்லேர்ந்து உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டுடறேன் அண்ணி. போதுமா? நாம ஒரே குடும்பம்தானே?"

"பேரைப் போடுங்க தம்பி. ஆனா கதையில இப்ப துரோகி யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சே. அவனை நடுவுல விட முடியுமா?" கண்ணாடியை அவன் பக்கம் திருப்பினாள். "கையை இப்படி மேசை மேல வைங்க."

"எதுக்கு?"

"வீங்கின விரலை நான் இதுவரைக்கும் வரைஞ்சதில்ல. ஆடாம உக்காருங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மை தீட்டுபவன் களுக்கென்று சிரித்தான்.